நுண்கணிதத்தில் ஓர் எஃப்

அத்தியாயம் பதினொன்று

செல்மா பெர்க் தன் சீருடையைத் துவைக்கும்போதுதான் கணக்குப் போடுவாள். இருபத்து நான்கு மணி நேர ஆம்புலன்ஸ் பணி முடிந்து காலை ஏழரைக்கு வீடு திரும்பியதும், பனிக்காலணிகளைப் பின்வாசலில் கழற்றிவிட்டு நேரே நிலவறைக்கு இறங்குவாள். நீலச் சட்டையையும் கால்சட்டையையும் இயந்திரத்துக்குள் திணித்து மூடுவாள். அது சுழன்று ஓய நாற்பத்திரண்டு நிமிடம் ஆகும். கடைசிப் படியில் அமர்ந்து, முழங்கால்மேல் நோட்டை விரித்து, அந்த நாற்பத்திரண்டு நிமிடமும் கணக்கு. இயந்திரம் மணியடித்தால் பென்சில் கீழே போய்விடும். பாதியில் நிற்கும் கணக்கு அடுத்த துவையலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

"நம்ம வீட்டுல உன் சட்டையைவிட உன் மூளைதான் நல்லா வெளுக்குது" என்பான் அவள் கணவன் ஆர்விட். கடல்போல் விரிந்த ஏரியில், பெருங்கப்பல்களில் இரும்புத் தாது ஏற்றிச் செல்லும் மாலுமி அவன். ஏரி உறைந்து கப்பல்கள் டுலூத் துறைமுகத்தில் ஓய்வெடுக்கும் இந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மட்டுமே வீட்டில் இருப்பான், சமையலும் அவனுடையதே.

முப்பத்தாறு வயதில் மருத்துவராகப் புறப்பட்டிருக்கும் செல்மாவுடன் இதுவரை நடந்து வந்தவர்களுக்கு அவள் கடந்த பாதை தெரியும். பத்தொன்பது வயதில் கல்லூரியில் இருந்தவள், தந்தை பக்கவாதத்தில் விழுந்ததும் பாதியில் நின்றாள். தாயை முன்பே இழந்தவளை வளர்த்தது, அவளுக்குப் பதினொரு வயது மூத்தவளான ஐலி. தந்தையின் பழைய வீட்டில், செல்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஐலி இன்றும் தனியாக வசிக்கிறாள். ஊர்ப் பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை. சென்ற வாரம் செல்மா கணிதத் தகுதித் தேர்வில் தேறி, நேரே கால்குலஸ் எனப்படும் நுண்கணித வகுப்பிலேயே அமரலாம் என்ற அனுமதியைப் பெற்றாள். அமர்வதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் நாள் இந்தப் புதன்கிழமை. பாடங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் மாலை நாலரைக்கு மூடும். அதன்பின் இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்திலும் சேர முடியாது.

காலை ஒன்பது மணிக்கு, அன்று பாதியில் விட்ட அதே கல்லூரியில், பாட ஆலோசகர் திருமதி பெலாஞ்சரின் அறையில் இருந்தாள் செல்மா.

"உக்காருங்க செல்மா. நல்ல சேதி ஒண்ணு இருக்கு, மோசமான சேதி ஒண்ணு இருக்கு. எது முதல்ல?"

"ஆம்புலன்ஸ்ல நாங்க மோசமானதைத்தான் முதல்ல கேப்போம்."

பெலாஞ்சர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கல்யாணத்துக்கு முந்தின உங்க பேர்ல இருந்த பதிவை நேத்துதான் இந்தப் பதிவோட சேர்த்தாங்க. கோர்ப்பி, செல்மா. ரெண்டாம் வருஷம், கால்குலஸ். பக்கத்துல என்ன எழுத்து இருக்கு?"

செல்மா குனிந்து பார்த்தாள். எஃப் என்று இருந்தது.

"இது தப்புங்க. இது டபிள்யூவா இருக்கணும். நான் ஃபெயிலாகல, விலகினேன். விலகல் படிவத்துல நானும் கையெழுத்துப் போட்டேன், பேராசிரியரும் போட்டாரு."

"படிவம் இங்க வந்து சேரவே இல்லையேம்மா."

செல்மா அந்த எழுத்தை இன்னொரு முறை பார்த்தாள். பெலாஞ்சர் தொடர்ந்தார்.

"டபிள்யூன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. வீட்டுல ஏதோ கஷ்டம், விலகிட்டாங்கன்னு தாண்டிப் போயிருவாங்க. எஃப் அப்படியில்ல. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது நீங்க எந்தக் காலேஜ்ல என்ன வாங்கியிருந்தாலும் காட்டியாகணும். பதினேழு வருஷம் ஆச்சே, போகட்டும்னு விடமாட்டாங்க."

"அப்போ நான் எந்தக் கணக்கை எடுக்கறது?"

"நேத்து வரைக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு சொல்லியிருப்பேன். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிக்கு அது போதும். ஒரு மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு ஆராய்ச்சியைப் படிச்சுப் புரிஞ்சுக்க அதுதான் உதவும். வகுப்பு செவ்வாய் சாயங்காலம். மூணு வாரத்துக்கு ஒருதடவை நீங்க பணியை மாத்திக்கிட்டாப் போதும்."

"இப்போ?"

"இந்த எஃப் இப்படியே நிக்கும்னா, அதுக்குப் பதில் சொல்ல ஒரே வழிதான். அதே கால்குலஸை மறுபடி எடுத்து, நல்ல மார்க் வாங்கணும். வகுப்பு திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டு மணி."

மூன்று நாளுக்கு ஒரு நாள் அந்த எட்டு மணிக்கு அவள் ஆம்புலன்ஸில் இருப்பாள். இரவு வண்டிக்கு மாறினால் ஒழிய நடக்காது. மாறினால் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வகுப்பில் அமர வேண்டும். அப்படிப் படித்து இன்னொரு எஃப் வாங்கினால், மருத்துவக் கல்லூரியின் வாசலை நினைத்துப் பார்ப்பதும் வீண்.

"பழைய எஃப்பை மாத்த வழியே இல்லையா?"

"மனு போடலாம். அன்னிக்கே படிவம் எழுதினதுக்கு ஆதாரம் வேணும். குழு இருபத்தெட்டாம் தேதிதான் கூடும். ஆனா பாடத்தை நீங்க இன்னிக்கே சொல்லியாகணும்." சற்று நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தது யாரு, நீங்களா?"

"என் அக்கா" என்றாள் செல்மா.

"நல்ல சேதி என்னன்னு கேக்கலையே? ரெண்டு வகுப்புலயும் இடம் இருக்கு."

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து செல்மா ஐலியை அழைத்தாள். கடுங்குளிருக்காக அன்று பள்ளிகளுக்கு விடுமுறை. ஐலி வீட்டில்தான் இருந்தாள். செல்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வீட்டுக்கு வா பிக்கு. சவுனா சூடு பண்றேன்."

பிக்கு என்றால் சின்னவள். பாட்டன் காலத்தில் பின்லாந்திலிருந்து வந்த சொல். சவுனாவும் அப்படி வந்ததுதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லையில், தந்தை தன் கையால் கட்டிய மரக்குடில் அது. புதன், சனி மாலைகளில் விறகடுப்பின் மேல் கற்கள் காய, அவற்றின்மேல் தண்ணீர் தெளித்து, அந்த ஆவியில் அமர்ந்திருப்பார்கள். அதற்குள் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. தந்தையின் சட்டங்களில் இன்றுவரை மீறப்படாதது அது ஒன்றுதான்.

புதன்கிழமை சரி, ஆனால் பகல் பதினொரு மணிக்குப் புகைபோக்கியில் புகையைக் கண்டதும் செல்மா நடையை எட்டிப் போட்டாள்.

துண்டைச் சுற்றிக்கொண்டு இருவரும் மேல்பலகையில் அமர்ந்தனர். ஐலி ஒரு கரண்டி நீரைக் கற்களில் ஊற்றினாள். ஆவி சீறி எழுந்து அடங்கியது.

"நான் அந்தப் படிவத்தைக் கொடுக்கல."

ஐலி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கடைசி நாள் அது. அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிட்டுப் போய்ச் சேர நாலே கால் ஆயிருச்சு. வரிசையில நின்னேன். எனக்கு முன்னால ரெண்டு பேர் இருக்கும்போது நாலரை அடிச்சது. ஆபீஸ்ல இருந்த அம்மா விளக்கை அணைக்க எழுந்திருச்சிட்டாங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்கலாம்தான். நேரம் முடிஞ்சப்புறம் ஒருத்தரைத் தொந்தரவு பண்றதான்னு திரும்பிட்டேன். நம்மள அப்படித்தானே வளர்த்தாங்க? தீப்பிடிச்சாக்கூட, பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்திருக்கிற ஆளுங்க நாம."

"மறுநாள்?"

"மறுநாள் போனா கெடு முடிஞ்சது. வீட்டுக்கு வந்தேன். நீ அப்பா கட்டில் பக்கத்துல உக்காந்து, 'கொடுத்துட்டியா'ன்னு கேட்ட. 'கொடுத்துட்டேன்'னுட்டேன். அப்போதைக்கு உன் மனசு நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொன்னேன். டிசம்பர்ல அப்பா போனாரு. அடுத்த வாரம் உன் மார்க் தபால்ல வந்துச்சு." ஐலி அடுப்பைப் பார்த்தாள். "பிரிச்சுப் பார்த்துட்டு இந்த அடுப்புலதான் போட்டேன்."

செல்மா எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு பனியில் இறங்கினாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியில் அவள் தோள்களிலிருந்து ஆவி எழும்பியது.

"வெளியே வா! உள்ள வச்சு உன்னைத் திட்ட முடியாது!"

"அதுக்குத்தான் உள்ள கூப்பிட்டேன்" என்றது குடிலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஐலி! வர்றியா, நான் உன்னை இழுத்துட்டு வரட்டுமா?"

ஐலி வந்தாள். ஐம்பதை நெருங்கும் ஒருத்தியும் நாற்பதை நெருங்கும் ஒருத்தியும் துண்டோடு பனியில் எதிரெதிரே நின்றார்கள்.

"பதினேழு வருஷம்! நான் முட்டாள்னு நினைச்சு வாழ்ந்தவ இல்ல, ஆனா காகிதத்துல முட்டாளாத்தான் இருந்திருக்கேன். நீ தெரிஞ்சே பேசாம இருந்திருக்க! ரெண்டு வருஷமா நான் நிலவறையில கணக்குப் போடறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த? அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லணும்னுதான் உள்ள போவேன். வெளிய வரும்போது 'இன்னிக்கு நல்ல சூடு'ன்னு மட்டும் சொல்லுவேன்."

அவ்வழியே தோள்பையுடன் சென்ற தபால்காரர் இருவரையும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

"அந்தப் படிவமும் அடுப்புலதானா?" என்றாள் செல்மா. பற்கள் தந்தியடித்தன.

"இல்ல. அதுல உன் கையெழுத்து இருந்துச்சு. எரிக்கக் கை வரல. எங்கேயோ வச்சிருக்கேன். தேடணும்."

"தேடு" என்று சொல்லிவிட்டு செல்மா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆற்றங்கரை நீர்நாய் ஒன்றின் கதை உண்டு. ஒருநாள் அது ஒரு பாறைமேலிருந்து வழுக்கி விழுந்தது. மற்ற விலங்குகள் சிரித்தன. அன்றுமுதல் அது வேறெங்கும் மீன் பிடிக்கவில்லை; ஆறெல்லாம் மீன் துள்ள, அந்தப் பாறைமேலேயே போய் நின்று, விழமாட்டேன் என்று காட்டிக்கொண்டிருந்தது. கோடையில் நீர் வற்றியபோதுதான் தெரிந்தது, பக்கத்து வளையில் குடியிருந்தவர் பாறைக்கு அடியிலிருந்த மண்ணை என்றோ தோண்டி எடுத்திருந்தார் என்று. ஆடியது பாறை, நீர்நாயின் கால் அல்ல. அதன் பிறகு நீர்நாய் எங்கே மீன் பிடித்தது என்று கதை சொல்வதில்லை. எங்கு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்னும் நிலை, பழகாதவர்களுக்கு அத்தனை எளிதன்று.

ஆர்விட் மானிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பாத்திரத்தை மேசையில் வைத்தான். நடந்ததை அவள் சொல்லி முடித்ததும், வீட்டில் அவளுக்கு அவன் வைத்திருக்கும் பட்டத்தோடு தொடங்கினான்.

"இதுல என்ன கஷ்டம் கேப்டன்? 'நாங்க கொடுத்தோம், அலுவலகம் தொலைச்சிருச்சு'ன்னு எழுது. பதினேழு வருஷத்துக்கு முந்தி யாரு என்ன தொலைச்சாங்கன்னு எவனுக்குத் தெரியும்? எங்க கப்பல்ல எது காணாமப் போனாலும் 'அலை அடிச்சிட்டுப் போயிருச்சு'ன்னுதான் எழுதுவோம்."

செல்மா முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி அதை யோசித்தாள். யோசித்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு வரி பொய். மருத்துவப் படிப்புக்கு வழி திறந்துவிடும்.

"ஆம்புலன்ஸ்ல ஒரு மருந்தை அஞ்சு நிமிஷம் தாமதமாக் கொடுத்தா, தாமதமாக் கொடுத்தேன்னுதான் எழுதுவேன்" என்றாள் கடைசியில். "டாக்டராகறதுக்குப் போடற முதல் காகிதத்துலயே பொய் எழுதறதா?"

"சரி, பொய் வேண்டாம். அப்போ ஐலியோட படிவத்தை வச்சு மனு போட்டுட்டு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல சேரு."

"குழு ஒத்துக்கலைன்னா? ஐலியோட ஒரு காகிதத்தை நம்பித்தான் பதினேழு வருஷம் உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை நம்பத் தெம்பில்ல. கால்குலஸே எடுக்கறேன். இரவு வண்டிக்கு மாறிக்கறேன்."

"எப்போ தூங்குவ?"

"மருத்துவம் படிச்சு முடிச்சப்புறம்."

"அதுக்கப்புறமும் தூங்க விடமாட்டாங்கன்னு கேள்வி" என்றான் ஆர்விட். அவள் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

கடைசி நாள் என்பதால் அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. மூன்றரைக்கு நின்றவள் நாலே காலுக்குத்தான் முகப்பை அடைந்தாள். கண்ணாடி அணிந்த எழுத்தர் அவளுடைய சீட்டை வாங்கினார்.

"கால்குலஸ். திங்கள், புதன், வெள்ளி. சரிதானே?"

"சரிதான்."

அப்போது பின்னால் ஒரு சலசலப்பு எழுந்தது. வரிசையின் கடைசியில், கம்பளித் தொப்பி கோணலாகக் கிடக்க, ஐலி நின்றிருந்தாள். அவளுக்கு முன்னே பன்னிரண்டு பேர். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முன்னால் நின்ற வாலிபனின் தோளைத் தட்டினாள்.

"மன்னிக்கணும் தம்பி. நான் முன்னால போகணும். உங்களுக்குத் தொந்தரவுதான். தெரிஞ்சேதான் கேக்கறேன்."

அவன் விலகினான். அடுத்தவளிடம் அதையே சொன்னாள். ஒருவர் விடாமல் பன்னிரண்டு பேரிடமும், ஒவ்வொரு முறையும் முகம் இன்னும் கொஞ்சம் சிவக்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடையில் எடை குறைந்தால்கூடக் கேட்காமல் வரும் அக்காவை செல்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐலி மேல்கோட்டின் உள்ளிருந்து மஞ்சளேறிய தாள் ஒன்றை எடுத்து முகப்பில் வைத்தாள். நுண்கணிதத்திலிருந்து விலகல், செல்மா கோர்ப்பியின் கையெழுத்து, பேராசிரியரின் கையெழுத்து, நவம்பர் மாதத் தேதி.

"இதைக் கொடுக்க வந்தேன்."

எழுத்தர் தாளைப் புரட்டிப் பார்த்தார். தேதியை இரண்டு முறை படித்தார். "கொஞ்சம் லேட்டாயிருச்சும்மா" என்றார்.

"ஆமா. வழியில நின்னுட்டேன்."

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனுப் படிவம் ஒன்றைத் தள்ளினார். "தாமதத்துக்கு யார் காரணமோ அவங்க இதை நிரப்பிக் கையெழுத்துப் போடணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். நோய், மரணம், படைப்பணி, அலுவலகத் தவறு, மற்றவை. ஒண்ணைக் குறிங்க."

ஐலி பேனாவை எடுத்தாள். எழுத்தர் திரையில் பழைய பதிவோடு இருந்த குடும்பக் குறிப்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பா அந்தப் பருவத்துலதான் தவறியிருக்காரு போல. 'மரணம்'னு குறிச்சிருங்க. குழு ரெண்டாவது கேள்வி கேக்காது."

"நவம்பர்ல அவர் உயிரோட இருந்தாரு" என்றாள் ஐலி. "அவர் மேல போட முடியாது. இது நான் பண்ணினது."

"மத்த காரணம் எழுதினா அவங்க என்ன முடிவு எடுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ஐலி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பகலில் பனியில் நின்றபோதுகூட அவள் கண்கள் இப்படி இல்லை.

"பிக்கு. நான் பாட்டுக்கு உண்மையை எழுதி என் பாரத்தை இறக்கிருவேன். அடி உனக்கு விழும். உன் படிப்பு இது. நீ சொல்றதைக் குறிக்கறேன்."

கடிகாரம் நாலு இருபத்தாறு. வரிசையில் பன்னிரண்டு பேரும் காது கேளாதவர்கள்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடந்ததை எழுது" என்றாள் செல்மா.

பிறகு எழுத்தர் பக்கம் திரும்பி, தன் சீட்டுக்காகக் கையை நீட்டினாள். நுண்கணிதத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, கீழே புள்ளியியல் என்று எழுதினாள். செவ்வாய் மாலை.

"நிச்சயமா?" என்றார் எழுத்தர். "மனு தள்ளுபடியானா, இந்தப் பருவத்துல கால்குலஸுக்கு வர முடியாது."

"தெரியும். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் இவளோட காகிதத்தை நம்பி இருக்கப் போறேன்."

ஐலிக்கு அது கேட்டது. தலை நிமிரவில்லை. 'மற்றவை' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு எழுதத் தொடங்கியிருந்தாள். பெரிய எழுத்து, பள்ளிச் சமையற்கூடத்தில் அன்றைய உணவை எழுதும் அதே கை. நாலே கால் மணியை எழுதினாள். இரண்டு பேர் முன்னால் நின்றதை எழுதினாள். வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்ன பொய்யை எழுதினாள். தபாலில் வந்த மதிப்பெண் தாளுக்கு வந்தபோது கட்டம் முடிந்துவிட்டது.

எழுத்தர் விளக்கின் பொத்தானை நோக்கி எழுந்தார்.

"இருங்க" என்றாள் ஐலி. "எனக்கு இடம் பத்தல. இன்னொரு தாள் கொடுங்க."